மணலுக்குள் போன நண்டைத் தோண்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சங்குக்குள் குடியிருக்கும் நிலத் துறவி நண்டுகளைப் புதிதாக வாங்குவோர், முதல் வாரத்திலேயே 'அசையவில்லை, தின்னவில்லை' என்று பதறுகிறார்கள். இடம் மாறிய அதிர்ச்சியில் அவை சில நாள்கள், ஏன் சில வாரங்கள்கூட ஒடுங்கிக் கிடக்கும். தவிர, அவை இரவில் நடமாடும் பிராணிகள்.

மணலுக்குள் புதைந்தால் பெரும்பாலும் தோலுரிக்கிறது என்று பொருள். பெரிய நண்டுக்கு இது இரண்டு மாதம்கூட ஆகும். தோண்டினால் மெத்தென்ற உடல் கிழிந்து இறந்துவிடக்கூடும். அழுகிய மீன் நாற்றம் விடாமல் வீசினால்தான் இறப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

உண்மையான ஆபத்து, கால்கள் உதிர்வதும் சங்கை விட்டு வெறும் உடலோடு திரிவதும்தான். செவுள்களால் சுவாசிப்பதால் வறண்ட காற்றில் மெல்ல மூச்சுத் திணறும். கம்பிக் கூண்டு கூடவே கூடாது. மூடியிட்ட கண்ணாடித் தொட்டியில் ஈரப்பதம் 75 முதல் 85 சதவீதம், வெப்பம் 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் வேண்டும். 5 பங்கு மணல், 1 பங்கு தென்னை நார்க்கழிவு கலந்து, பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரத்தில், குறைந்தது 15 செ.மீ. ஆழம் நிரப்புங்கள். குளோரின் நீக்கிய நன்னீர் ஒரு கிண்ணம், கடல்மீன் தொட்டிக்கான உப்பு கரைத்த நீர் இன்னொன்று. சமையல் உப்பு உதவாது. சாயம் பூசிய சங்குகள் நம் கண்ணுக்குத்தான் அழகு. பூசாத காலிச் சங்குகளைச் சற்றே பெரிய அளவுகளில் போட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்