தட்டு எடுக்க வருகிறவர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இங்கே ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் உணவைக் கவனிக்கும் டயட்டீஷியன்களில் ஒருவர் பிரசவ விடுப்பில் இருக்கிறார், இன்னொருவர் வேலையையே விட்டுவிட்டார். இப்போது எல்லா வார்டுக்கும் நானும், படிப்பை முடித்த கையோடு வந்து சேர்ந்த ஒரு பெண்ணும்தான். அதனால் தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே.

"டயட்டீஷியன் வேலையை நர்ஸும் வார்டு ஆட்களும் பார்ப்பதற்கா நாம் ராத்திரி கண் முழித்துப் படித்தோம்?" என்று கேட்டிருந்தாய். போன வருஷம் இதையே ஒரு மீட்டிங்கில் நான் உன்னைவிடச் சத்தமாகக் கேட்டேன். இப்போது மனசு முக்கால்வாசி மாறிவிட்டது.

மாற்றியது ஒரு பாட்டி. இடுப்பு எலும்பு முறிந்து அட்மிட் ஆனவர். அவரைப் பார்க்கச் சொல்லி எனக்குச் சீட்டு வந்தது 9-ஆம் நாள். போனால் கன்னம் ஒட்டிக் கிடக்கிறார், கேஸ் ஷீட்டில் எடை எழுதும் கட்டம் காலி. சாப்பாட்டுத் தட்டு எடுக்க வந்த அம்மாவிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். "இவங்களா? வந்த நாள்லேர்ந்து பாதிகூடச் சாப்பிடலம்மா. பல் செட்டை வீட்டிலேயே விட்டுட்டு வந்துட்டாங்களாம்" என்றார். எட்டு நாளாக அவருக்குத் தெரிந்திருக்கிறது! அவரை யாரும் கேட்கவில்லை, அவராகச் சொன்னாலும் எழுதிக்கொள்ள ஓர் இடம் இல்லை. பல் செட்டைக் கொண்டுவரச் சொல்ல என் பட்டம் எதற்கு?

அதற்கப்புறம்தான் முறையை மாற்றினோம். அட்மிஷன் அன்றே நர்ஸ் இரண்டு கேள்வி கேட்கிறார்: முயற்சி எடுக்காமலே எடை குறைந்திருக்கிறதா, பசியில்லாமல் சாப்பாடு குறைந்திருக்கிறதா? ஆஸ்திரேலியாவில் 1999-இல் வந்த அதே கேள்விகள்தான், நீயும் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருப்பாய். பதில்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். முன்பு அது 2 அல்லது அதற்கு மேல் வந்தால் எனக்குச் சீட்டு எழுதிவிட்டு எல்லோரும் காத்திருப்பார்கள், சீட்டு என் மேஜையில் குவியும். இப்போது வார்டே உடனே ஆரம்பித்துவிடுகிறது. வாரம் ஒருமுறை எடை, இடைவேளையில் சத்தான சிற்றுணவு, எழுந்து உட்கார முடியாதவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள். சாப்பாட்டு நேரத்தில் ரவுண்ட்ஸ் வருவதை நிறுத்தச் சொல்லி டாக்டர்களோடு சண்டை போட்டதுதான் பெரிய கதை, நேரில் சொல்கிறேன்.

பிரிட்டனில் கார்டிஃப் நகரில் நடந்த ஆய்வை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும். 2006-இல் வெளியானது. இடுப்பு எலும்பு முறிந்த மூதாட்டிகளில் ஒரு பாதிப்பேருக்கு வழக்கமான கவனிப்போடு உணவு உதவியாளர்களையும் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்து சாப்பிட வைப்பதும் பிடித்ததைக் கேட்டு வாங்கித் தருவதும்தான் அவர்கள் வேலை. நான்கு மாதத்துக்குள் இறந்தவர்கள் வழக்கமான கவனிப்பில் 22.9 சதவீதம், உதவியாளர் இருந்த பக்கம் 13.1. அதைத் திரும்பப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மனசில் மாறாத கால்வாசியையும் சொல்லிவிடுகிறேன். பல நாள் ஒன்றுமே சாப்பிடாமல் வந்த ஒருவருக்கு, பாவம் பட்டினி கிடந்தாரே என்று வார்டில் மூக்குக் குழாய் வழியே முதல் நாளே முழு அளவு உணவை ஏற்றிவிட்டார்கள். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் பாஸ்பேட் என்ற தாது உப்பு சரிந்து கிடந்தது. பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று உணவு போனால் இன்சுலின் ஏறி, பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் ரத்தத்திலிருந்து செல்லுக்குள் ஓடிவிடும், இதயமே தடுமாறும் என்பது நமக்குப் பாலபாடம். வார்டு ஆட்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான் சொல்லவில்லை. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அப்புறம் குழாய் உணவு, சிறுநீரக நோயாளிகள், ஐந்து நாளுக்கு மேல் சரியாகச் சாப்பிடாதவர்கள் எல்லோருக்கும் முதல் நாளே என்னைக் கூப்பிட வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இன்னொரு பயமும் உண்டு. "அதான் குழுவே பார்த்துக்கொள்கிறதே, காலி இடத்தை எதற்கு நிரப்புவது?" என்று மேலிடத்தில் பேச்சு அடிபடுகிறது. நர்ஸுகள் மட்டும் என்ன, வேலையில்லாமலா உட்கார்ந்திருக்கிறார்கள்? எடை பார்க்கும் வேலையைக் கொடுத்தபோது, வேறொரு ரெஜிஸ்டர் எழுதும் வேலையை அவர்கள் தலையிலிருந்து எடுக்க வைத்தேன். அதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன்.

தட்டு எடுக்கும் அம்மாவுக்கு இப்போது ஒரு தாள் கொடுத்திருக்கிறோம். பெட்டுக்கு ஒரு வட்டம், சாப்பிட்ட அளவுக்குப் பென்சிலால் நிரப்ப வேண்டும். நேற்று ஒரு வட்டத்தைக் கால்வாசி மட்டும் நிரப்பி, பக்கத்தில் சின்னதாக ஒரு பல் வரைந்து வைத்திருந்தார்.

உங்கள் வார்டில் தட்டை யார் எடுக்கிறார்கள்? விசாரித்து எழுது.

உன் பழைய அறைத்தோழி