செக்குபந்தியில் இருந்த கூத்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இளம்பிள்ளைப் பக்கம் நம் கூத்துக்காரர்கள் பார்த்து வைத்திருந்த ஓட்டு வீடு போன வாரம் கிரையம் ஆகிவிட்டது. மூன்று மாதமாக அதன் பத்திரங்களோடுதான் கிடந்தேன்.

இணையத்தில் வில்லங்கம் போட்டால் 1975க்கு இந்தப் பக்கம்தான் வந்தது. அதற்கு முந்தியதற்கு மனு கொடுத்துக் காத்திருந்தபோது, வீட்டுக்காரர் பரணிலிருந்து மூலப் பத்திரத்தையே எடுத்துக் கொடுத்தார். ராஜா தலை போட்ட முத்திரைத்தாள், மடிப்பெல்லாம் கிழிசல். அடமானம் மூழ்கி வட்டிக்காரர் கைக்குப் போன வீட்டை ஒரு நெசவாளர் வாங்கியிருக்கிறார். செக்குபந்தியை, அதாவது எல்லை விவரத்தைப் படித்தேன்: 'கூத்து நடக்கும் காலி நிலத்துக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு.' மாப்ளே, அந்த வரியில் விரலை வைத்தவன் எடுக்கவில்லை. விடிய விடிய ஆடிவிட்டு, தலைசாய்க்கத் திண்ணை தேடி அலைந்தவர்கள் நம் ஆட்கள். அவர்கள் ஆடிய இடத்தைச் சொல்லித்தான் இந்த வீட்டுக்கே எல்லை காட்டியிருக்கிறார்கள்.

சிக்கல் அடுத்த தலைமுறையில். நெசவாளர் உயில் எழுதாமல் போய்விட்டார். சுயமாகச் சம்பாதித்த சொத்து. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் சம பங்கு உண்டு. அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் பங்கு பிரித்துக் கூர்ச்சீட்டு எழுதி முடித்துவிட்டார்கள், எடப்பாடியில் கட்டிக்கொடுத்த அக்காவின் கையெழுத்து இல்லை. இது பெரிய அநியாயம். அவரைத் தேடிப் போய் அழைத்து வந்தோம்.

வந்தவர் நேராகத் தறி ரூமுக்குப் போனார். குழித்தறிக் குழி அப்படியே இருக்கிறது. விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டார். "இங்கதான் எங்கப்பா தறி மிதிச்சாரு. நாந்தான் தாருல நூல் சுத்திக் குடுப்பேன்." பிறகு பங்குத் தொகையை எண்ணி வாங்கிக்கொண்டு, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அதுதான் முறை.

1966இல் ஓவியர் பணிக்கரோடு சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் குடியேறிய ஓவியர்கள் பாத்திக் துணி விற்ற காசைச் சேர்த்து நிலம் வாங்கினார்களே, அப்படித்தான் நம் கூத்துக்காரர்களும் ஒவ்வோர் ஆட்டக் கூலியிலும் ஒரு பங்கு ஒதுக்கி வந்தார்கள். கூத்து வாத்தியார் பெயரில் எழுதலாம் என்றார்கள், நான் விடவில்லை. நாளைக்கு இன்னொரு கூர்ச்சீட்டில் இது கரைந்துவிடும். அறக்கட்டளை பதிந்து, அதன் பெயரில் வாங்கினோம்.

குழியை மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதில் காலைத் தொங்கவிட்டுத்தான் இப்போது அரிதாரம் பூசுகிறார்கள். கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரம், ஈரம் ஆகாது. அதனால் பரணில் ஏற்றியாகிவிட்டது.

பட்டா மாற்றம் பாக்கி. நீ வரும்போது உன் தாத்தா கூத்தில் ஊதிய முகவீணைக் குழலைக் கொண்டுவா. வாசிக்க இங்கே ஆள் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி