பறவை நோக்கர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வழக்கம்போல் வராதவர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் நடந்தன. நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு முடிந்தது. நூலக அலமாரி சரிசெய்யப்பட்டது.

அடுத்து, கூடு கண்காணிப்புத் திட்டம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டும். ஆண்டு முழுக்க என் காதில் விழுந்த முணுமுணுப்பு எல்லாம் இதைப் பற்றித்தான்.

மனுஷ வாடை பட்டால் தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். அது சரியில்லை. கை பட்ட வாடைக்காகப் பறவைகள் பொதுவாகக் கூட்டை விடுவதில்லை. இறகு முளைக்காமல் கீழே விழுந்த குஞ்சை எடுத்துக் கூட்டில் வைக்கலாம், தாய் வந்து இரை கொடுக்கும். விளக்கக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னதும், தொடுவதற்கே அனுமதி கிடைத்துவிட்டதாகச் சிலர் எழுந்து போய்விட்டார்கள். பாதிப் பேச்சுதான் முடிந்திருந்தது.

மீதிப் பாதி இது. பறவையை விரட்டுவது வாடை அல்ல, பயம். கூடு கட்டும்போதும் முட்டையிடும்போதும் தொந்தரவு செய்தால் எளிதில் விட்டுப் போய்விடும். குஞ்சு பொரித்த பிறகு அவ்வளவு சுலபமாக விடாது. அடைகாக்கும் சூடு சுமார் 37 டிகிரி செல்சியஸ். முட்டை சற்றுக் குளிர்ந்தால் கரு ஓரளவு தாங்கும். வெயிலில் காய்ந்தால் தாங்காது. ஆள்காட்டிக் குருவி தன் வயிற்று இறகை நனைத்து வந்து வெறுந்தரையில் கிடக்கும் முட்டையைக் குளிர்விக்கும். நாம் பக்கத்தில் நின்றால் அது எப்படி வரும்? காகம் வேறு நாம் குனியும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பறக்கத் தயாராகும் குஞ்சுகளை நெருங்கினாலோ, முன்கூட்டியே வெளியே குதித்துவிடும்.

அதனால்தான் எட்ட நின்று பார்ப்பது, உச்சி வெயிலில் போகாதது, காகம் கண்ணில் பட்டால் கூட்டை நெருங்காமல் திரும்புவது என்ற விதிகள். படத்துக்காகக் கூட்டை மறைத்திருந்த கிளையை ஒடித்தவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தக் கிளைதான் கூட்டுக்கு நிழல், மறைவு எல்லாம். கூட்டுப் படப் போட்டியை நிறுத்தியது என் முடிவுதான். அந்தக் கோபத்தில் சந்தா கட்டவில்லை என்கிறார்கள் சிலர். போட்டி நடந்த ஆண்டுகளிலும் அவர்கள் கட்டவில்லை என்கிறது பதிவேடு.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். விவரம் பொருளாளரிடம் உள்ளது. அவர் இன்று வரவில்லை.

தலைவருக்கும், செயற்குழுவுக்கும், மழையிலும் வந்த இளைய உறுப்பினர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை யாராவது கேட்டால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. தூரத்திலிருந்தே கூட்டைப் பார்க்க, தாங்கியோடு ஒரு நல்ல தொலைநோக்கி வேண்டும். அதற்குத் தனியாக நன்கொடை கேட்கவில்லை, பாக்கிச் சந்தா வந்தாலே போதும். ரசீதுப் புத்தகம் மேசைமேல் இருக்கிறது. கூட்டம் முடிந்த பிறகும் நான் இங்கேதான் இருப்பேன்.