வட்டின் மீது பழி போடுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல கணினிகள் ஒரே சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்ளும் அலுவலகங்களில் கோப்புகள் திறக்கத் தாமதமானால், வேகமான வட்டுகளும் கூடுதல் வேகமுள்ள நெட்வொர்க்கும் வாங்குவதே தீர்வு என்று தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரை கூறியிருந்தது. ஓசூரில் இயந்திர உதிரிபாகங்களுக்கு வரைபடம் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் சேமிப்பகத்தைக் கவனித்து வந்தவன் நான். இதே யோசனையை நம்பிப் பணம் செலவழித்துப் பயன் காணாதவன் என்ற முறையில், பழுது உண்மையில் எங்கே இருந்தது என்பதை எழுத விரும்புகிறேன்.

எங்களிடம் நான்கு சர்வர்கள் இருந்தன. நான்கும் ஜிஎஃப்எஸ்2 என்னும் கிளஸ்டர் (கணினிக் கூட்டு) கோப்பு முறைமை வழியாக ஒரே சேமிப்புப் பெட்டியைப் பயன்படுத்தின. காலை ஒன்பது மணிக்கு ஆட்கள் வந்து அமர்ந்து வரைபடக் கோப்புறையைத் திறந்தால், பட்டியல் வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும்; பதினொரு மணிக்கு மேல் யாரும் எதையும் தொடாமலேயே அது சரியாகிவிடும். சாலிட் ஸ்டேட் வட்டுகள் வாங்கி மாட்டினோம். மறுநாள் காலையும் அதே அரை நிமிடம். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையை அப்போதுதான் செய்தேன்: நெருக்கடி நேரத்தில், வட்டு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையை ஓடவிட்டுப் பார்த்தால், புதிய வட்டுகள் ஏறக்குறைய சும்மா இருந்தன, நெட்வொர்க்கும் அப்படியே. சர்வர்கள் வட்டுக்காகக் காத்திருக்கவில்லை. ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடந்தன.

ஒரு கோப்பின் அளவு, உரிமையாளர், மாற்றிய நேரம், வட்டில் அது கிடக்கும் இடம் போன்ற விவரங்களையே மெட்டாடேட்டா என்கிறோம். ஒற்றைக் கணினியில் அது ஒருமுறை நினைவகத்தில் ஏறிவிட்டால் போதும். அந்த வட்டில் வேறு யாரும் கை வைக்க வழியில்லை. நான்கு கணினிகள் கை வைக்கும்போது, ஒவ்வொன்றும் தன் கேஷில், அதாவது நினைவகத்தில் கைவசம், வைத்திருக்கும் நகல் இன்னும் செல்லுமா என்ற கேள்வி எழுகிறது. என் மாமா மாம்பழ மண்டி வைத்திருந்த காலத்தில் பேரேடு ஒன்றுதான். பார்த்துப் பாக்கியைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்ள எத்தனை பேர் வேண்டுமானாலும் சுற்றி நிற்கலாம். ஆனால் ஒருவர் கணக்கில் வரவு எழுத வேண்டுமென்றால், அந்தக் கணக்கைக் குறித்து வைத்திருந்தவர்கள் எல்லோரும் முதலில் சீட்டைக் கிழித்துப் போட வேண்டும் என்பது மாமாவின் கண்டிப்பு. இல்லையென்றால் மாலையில் கணக்கு உதைக்கும்.

கிளஸ்டரிலும் இதே முறைதான். படிப்பதற்கு, பல கணினிகள் ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய பகிர்வுப் பூட்டு; எழுதுவதற்கு, ஒன்று மட்டுமே வைத்திருக்கக்கூடிய தனிப்பூட்டு. பூட்டு கையில் இருக்கும்வரை கேஷில் உள்ள நகலை யாரையும் கேட்காமல் நம்பலாம். இன்னொரு கணினி அதே கோப்பில் எழுதக் கேட்டால், பூட்டை வைத்திருப்பது, மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஜர்னல் என்ற தன் பதிவேட்டை எழுதி, நினைவகத்தில் மாற்றி வைத்திருப்பதை வட்டில் இறக்கி, கேஷைக் காலிசெய்த பிறகே கொடுக்க முடியும். வாங்கியதோ அதை வட்டிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். ஆகவே பூட்டு கைமாறுவது வெறும் செய்திப் பரிமாற்றம் அன்று; ஒவ்வொரு முறையும் அதற்குள் ஓர் எழுத்தும் ஒரு வாசிப்பும் அடங்கியிருக்கின்றன. ஒரே கோப்புறையில் நான்கு சர்வர்களும் மாறி மாறிப் புதுக் கோப்பு உருவாக்கினால், வேலை நடக்கும் நேரத்தைவிட அந்தக் கோப்புறையின் பூட்டு பந்துபோல் அலையும் நேரமே மிகும்.

பட்டியலிடுவது இன்னும் மோசம். பெயர்களை மட்டும் கேட்டால் கோப்புறையின் ஒரு பூட்டு போதும். அளவும் தேதியும் கேட்டால் ஒவ்வொரு கோப்பின் மெட்டாடேட்டாவையும் தாங்கும் ஐநோடு என்ற பதிவுக்கும் தனித்தனிப் பூட்டு வேண்டும். எங்கள் கோப்புறையில் 12,000-க்கும் மேற்பட்ட கோப்புகள் இருந்தன. (கோப்பின் வகைக்கேற்ப நிறம் காட்டும் பட்டியலுக்கும் இதே கதிதான்; அழகுக்குக் கொடுக்கும் விலை.)

காலை நேரத்துக்கு மட்டும் அப்படி என்ன சாபம்? விடியற்காலையில் ஒரு சர்வரிலிருந்து ஓடிய பேக்கப் நிரல்தான் காரணம். அது சேமிப்பகம் முழுவதையும் வாசித்ததால் எல்லாக் கோப்புகளின் பூட்டும் அதன் கைக்குப் போயின. எங்கள் சர்வர்களின் இயங்குதளமான லினக்ஸின் பூட்டு மேலாண்மையில் ஒரு பொருளை முதலில் பூட்டும் கணினியே அந்தப் பூட்டுக்கு மேலாளராகவும் ஆகிவிடும் என்பதால், மற்ற மூன்றும் ஒன்பது மணிக்கு ஒவ்வொரு கோப்புக்கும் அதன் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது. பதினொரு மணிக்குள் பூட்டுகள் ஒவ்வொன்றாக உரியவர்களிடம் திரும்பிவிடும். நாங்கள் அதைத் ‘தானாகச் சரியாவது’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

தீர்வுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. ஒவ்வொரு சர்வரும் தனக்கென ஒதுக்கிய உட்கோப்புறையில் மட்டும் எழுதும்படி மாற்றினோம். பேக்கப்பையும் பிரித்து, அவரவர் கோப்புறையை அவரவரே எடுக்கவும், முடிந்ததும் கேஷைக் காலிசெய்யச் சொல்லும் டிராப் கேஷஸ் என்ற கோப்பில் 3 என்று எழுதித் தேங்கிய ஐநோடுகளை விட்டுவிடவும் ஏற்பாடு செய்தோம். வாசித்த நேரத்தைப் பதிவதற்காகவே வாசிப்பு ஓர் எழுத்தாக மாறித் தனிப்பூட்டுக் கேட்பதைத் தவிர்க்க, அந்தப் பதிவையே நிறுத்தும் நோஏடைம் விருப்பத்துடன் சேமிப்பகத்தை மவுண்ட் செய்தோம், அதாவது சர்வர்களோடு இணைத்தோம். 2009-இல் வந்த லினக்ஸ் 2.6.30 முதல், அவ்வப்போது மட்டும் பதியும் ரெல்ஏடைம் விருப்பம் இயல்பாகவே இருப்பதால் அந்தப் பதிவு குறைந்துதான் இருக்கிறது. கிளஸ்டரில் அந்தக் குறைவும் போதாது.

இது புதுப் பிரச்சினையும் அன்று. 1980-களில் விஎம்எஸ் என்னும் இயங்குதளத்தின் கிளஸ்டர்களிலேயே ஆறு வகைப் பூட்டுகள் இருந்தன. லினக்ஸில் பூட்டுகளைக் கவனிக்கும் நிரலும் அதே ஆறைத்தான் பின்பற்றுகிறது. ஓசிஎஃப்எஸ்2 என்னும் இன்னொரு கிளஸ்டர் கோப்பு முறைமை, எங்கள் ஜிஎஃப்எஸ்2 இரண்டும் 2006-இல் லினக்ஸின் மைய நிரலான கெர்னலில் சேர்ந்தன. லஸ்டர் என்னும் மற்றொரு கோப்பு முறைமை, மெட்டாடேட்டாவுக்கென்றே தனி சர்வர் வைத்துக்கொள்கிறது. நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் சாதாரண என்எஃப்எஸ் இவ்வளவு பூட்டுக்குப் போவதில்லை: கோப்பின் விவரங்களை இயல்பாக 3 முதல் 60 விநாடி வரை பழையதாக இருந்தாலும் நம்பிக்கொள்கிறது. அதன் எளிமை அந்தச் சமரசத்தில் கிடைப்பது. வரைபட அலுவலகத்துக்கு அது போதும், டிக்கெட் முன்பதிவுக்குப் போதாது.

கட்டுரை தொடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். தனிப்பூட்டை வைத்திருக்கும் சர்வர் திடீரென மௌனமானால், அதை மின்சாரம் துண்டித்தோ சேமிப்பகத்திலிருந்து விலக்கியோ ஒதுக்கும்வரை மற்றவை காத்திருக்கும். இதை ஃபென்சிங் என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு நெட்வொர்க் கேபிள் தளர்ந்த நாளில் நான்கும் நின்றுபோக, “இந்தக் காவலே வேண்டாம், நிறுத்திவிடுங்கள்” என்று மேலாளர் கோபப்பட்டார். நான் மறுத்தேன். பிரிந்துபோன சர்வர் உயிரோடுதான் இருந்தது. ஒதுக்காமல் அதன் பூட்டை எடுத்து மற்றவற்றுக்குக் கொடுத்திருந்தால், அது தன் பழைய நகலைப் புதிய மெட்டாடேட்டாவின் மேல் எழுதியிருக்கும். ஒதுக்கி, அதன் ஜர்னலை இன்னொரு சர்வர் படித்து மீட்டெடுத்த பின் எல்லாம் நடந்தன. அன்று தொலைந்தது கால் மணி நேரம்தான்.

தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இதுபற்றி மறுபடி எழுதும்போது, வட்டின் விலைப்பட்டியலுக்கு முன்பாக, நெருக்கடி நேரத்தில் அந்த வட்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று பார்க்கும் முறையை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கிருஷ்ணகிரி.