ராபர்ட்ஸும் காந்தகார் நடைப்பயணமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில் பிரிட்டிஷ் தளபதியாக இருந்த பிரெடரிக் ராபர்ட்ஸைப் பற்றி எழுதுவோர், அவர் பெற்ற விக்டோரியா சிலுவை என்ற வீர விருதோடு நின்றுவிடுகிறார்கள். 1832இல் கான்பூரில் பிறந்த அவர், 1851இல் வங்காளப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். ஆனால் பணிக்காலத்தில் பெரும்பகுதி குவார்ட்டர்மாஸ்டர் பிரிவில்தான் கழிந்தது: எந்த வழி, எங்கே முகாம், எத்தனை சுமை மிருகம் என்ற கணக்கு.

1880 ஆகஸ்டில், ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் ஆப்கன் இளவரசர் அயூப் கான் முற்றுகையிட்டிருந்த பிரிட்டிஷ் படையை மீட்கப் போனார் ராபர்ட்ஸ். காபூலிலிருந்து காந்தகாருக்கு, சுமார் 500 கி.மீ. தூரத்தை 23 நாட்களில் கடக்க அந்தக் கணக்குதான் உதவியது. படையினர் சுமார் 10,000 பேர். பத்தில் ஏழு பேர் இந்தியச் சிப்பாய்கள். இதைப் பலர் சொல்வதே இல்லை! பணியாளர்கள் இன்னும் 8,000 பேர். சக்கரப் பீரங்கிகளை விட்டுவிட்டு, கோவேறு கழுதைகள் சுமக்கக்கூடிய 18 மலைப் பீரங்கிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். அதிகாலை 2.45க்கு எழுப்பு ஊதல். 4 மணிக்குள் கூடாரம் பிரித்து, மூட்டை ஏற்றிப் புறப்பட வேண்டும். மணிக்கொரு முறை பத்து நிமிட ஓய்வு. மாவு ஓரளவு கிடைத்தது, விறகுதான் கிடைக்கவில்லை. வீடுகளை விலைக்கு வாங்கி இடித்து, அந்த மரத்தில் சமைத்தார்கள். விடியலில் நடுக்கும் குளிர், நண்பகலில் கொளுத்தும் வெயில். கடைசி நாட்களில் ராபர்ட்ஸே காய்ச்சலில் டோலியில்தான் போனார். செப்டம்பர் 1 அன்று அயூப் கானைத் தோற்கடித்தார்.

1881 முதல் 1885 வரை ராபர்ட்ஸ், ஆங்கிலேயரின் சென்னை மாகாணப் படையின் தலைமைத் தளபதி. தென்னிந்தியர் போருக்கு லாயக்கில்லை என்று முடிவுகட்டி, வடக்கத்திய ஆள்சேர்ப்பை வலியுறுத்தியவரும் இவரே. பின்னர் சில சென்னை ரெஜிமெண்டுகளில் பஞ்சாபியரை நிரப்பினார்கள். பெயர் மட்டும் சென்னை.

இப்படிக்கு,
வாசகர்