உங்கள் மிருகத்தை நீங்கள் முதலில் நம்புங்கள்

தொலைக்காட்சிக்கென்று குறைந்த செலவில் மிருகத் திகில் படங்கள் எடுக்கும் தயாரிப்பாளர்களுக்கும், அவற்றை வாங்கி ஒளிபரப்பும் சேனல்காரர்களுக்கும்,

வணக்கம். ராட்சதப் பாம்போ முதலையோ சிலந்தியோ, எது வந்தாலும் கடைசிவரை உட்கார்ந்து பார்க்கிறவன் நான். இந்தப் படங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த உரிமையில் கேட்கிறேன்: கேலி செய்யப்படுவதற்கென்றே படம் எடுப்பதை நிறுத்துங்கள்.

2013-இல் அமெரிக்காவின் சைஃபை சேனலில் ‘ஷார்க்நேடோ’ படம் வந்தது. சூறாவளி சுறாக்களை அள்ளிவந்து லாஸ் ஏஞ்சலஸ் மேல் கொட்டுகிற கதை. ட்விட்டரில் ஒரே பேச்சு. அடுத்தடுத்து இன்னும் ஐந்து படங்கள் வந்தன. அந்தப் படத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ‘மோசமாக இருந்தால்தான் ஓடும்’ என்று அதிலிருந்து முடிவுகட்டினார்களே, அதுதான் வருத்தம்.

பணம் இல்லை என்பீர்கள். 1972-இல் சிபிஎஸ் சேனல் ஒளிபரப்பிய ‘கார்காயில்ஸ்’ படத்துக்கு மட்டும் கொட்டியா கிடந்தது? ரப்பர் உடை, கொம்பு, இறக்கை, ஒரு பாலைவனம், அவ்வளவுதான். ஆனால் அந்த முகங்களைச் செய்தவர்கள் சிரத்தையோடு செய்தார்கள். ஒப்பனைக்கு எம்மி விருது கிடைத்தது. அந்தக் குழுவில் இருந்த இளைஞர் ஸ்டான் வின்ஸ்டன்தான் பின்னாளில் ‘ஜுராசிக் பார்க்’ படத்துக்கு ஆளுயரத்தையும் தாண்டிய டைனோசர்களை உருவாக்கினார்.

1975-இல் ஏபிசி சேனலில் வந்த ‘ட்ரைலஜி ஆஃப் டெரர்’ படத்தின் மூன்றாம் கதையைத் திரும்பப் பாருங்கள். ஒரு வீடு, ஒரு பெண், கத்தி பிடித்த சின்னப் பொம்மை. அது ஓடிவருவதை கேமரா தரையோடு தரையாகப் போய்க் காட்டுகிறது. பொம்மையைப் பெட்டிக்குள் போட்டு அடைத்துவிடுகிறாள். அப்பாடா என்று நாம் மூச்சுவிடும்போது, உள்ளேயிருந்து கத்தி நுனி பெட்டியைக் கிழித்துக்கொண்டு வருகிறது. அந்த நேரத்தில் திரையில் இருப்பது ஒரு பெட்டியும் ஒரு கத்தியும்தான். எதிரில் இருப்பது வெறும் பொம்மை என்று, அந்தப் பெண்ணாக நடித்த கேரன் பிளாக்கின் முகம் ஒரு நொடிகூடக் காட்டிக்கொடுப்பதில்லை. பயம் அங்கேதான் பிறக்கிறது.

இப்போதைய படங்களில் கம்ப்யூட்டர் சுறா துள்ளுகிறது, கீழே தண்ணீர் அசைவதே இல்லை. மிருகத்துக்கு எடையும் இல்லை, நிழலும் இல்லை. கிராஃபிக்ஸ் செய்கிறவர்களைக் குறை சொல்லமாட்டேன். கொடுத்த கொஞ்ச நாளில் அத்தனை ஷாட்டையும் முடிக்கச் சொன்னால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒரு தாக்குதல் வேண்டும் என்ற கணக்கு எனக்கும் புரிகிறது. வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் மிருகத்தை முழுசாகக் காட்டாதீர்கள். இருபது ஷாட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணத்தை நான்கு ஷாட்டுக்குக் கொடுங்கள். ஒரு நகமோ, தாடையோ, வாலோ நிஜமாகச் செய்து செட்டில் வையுங்கள். நடிகர்கள் தொட்டுப் பார்த்துப் பயப்படட்டும். அப்புறம், அவர்கள் வாயில் ‘இது என்ன கூத்து’ என்கிற மாதிரி வசனம் எழுதாதீர்கள். அந்தக் கதைக்குள் மனிதர்கள் சாகிறார்கள். கூட இருப்பவர்கள் அதற்கு அழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அடுத்த படத்தையும் பார்க்கப்போகும் ஒரு ரசிகன்