நான்கு பேருக்கு ஒரு சட்டை

கும்பகோணம்
4.8.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் மின்னஞ்சல் வந்தது. மொத்தம் மூன்று வரி, அதில் இரண்டு வரி அந்தச் சட்டை வீடியோவுக்காக வசவு. நீ பக்கம் பக்கமாகத் திட்டினால் விளையாட்டு, சுருக்கமாகத் திட்டினால் நிஜக் கோபம் என்று எனக்குத் தெரியாதா? நேற்றே பதில் எழுதியிருப்பேன். ஆடிப்பெருக்கு என்பதால் அக்காவையும் அவளுடைய காதோலை கருகமணியையும் படித்துறையில் கொண்டுபோய்ச் சேர்த்துத் திரும்பவே மதியம் ஆகிவிட்டது. காவிரி கரை தொட்டு ஓடுகிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, என் ஒரு வீடியோ அதில் மூழ்கிப்போனதற்கு அழுவதா என்று தெரியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வயதில் உனக்கு ஏன் இந்தச் சிரிப்பு வீடியோ வேலை என்று கேட்டிருக்கிறாய். நான் தேடிப் போகவில்லை, அது கடைக்கே வந்தது. கல்லூரிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குக் கதைப் பஞ்சம் ஏது? செமஸ்டர் கடைசி வாரத்தில் ஒரு பையன் ப்ராஜெக்ட்டைப் பைண்டிங் போடக் கொண்டுவந்தான். சீனியருடையதை வாங்கி முதல் பக்கத்தில் மட்டும் தன் பெயரை மாற்றியிருக்கிறான். நன்றியுரையில் "என்னைப் பெற்று வளர்த்த" என்பதற்குப் பின்னால் சீனியரின் அப்பா அம்மா பெயர் அப்படியே இருக்கிறது. "தம்பி, உன் அப்பா பெயர் இதுதானா?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தான். நிமிர்ந்து, "மாற்றினால் எவ்வளவு ஆகும் அண்ணா?" என்றான்.

அக்கா மகன் அப்போது கடையில் இருந்தான். அன்று இரவே டோனர் அட்டைப்பெட்டி மேல் போனைச் சாய்த்து வைத்து அதை எடுத்தோம். அவன்தான் மாணவன், நான் நானே. பையன் கேட்டதும் நான் வாயைப் பிளந்து, தலையில் கை வைத்து, மெஷினைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதுபோல் நடித்திருந்தேன். மருமகன் அத்தனையையும் வெட்டிவிட்டான். "அவன் விலை கேட்டதோடு முடித்துவிடுங்கள் மாமா. நீங்கள் ஆச்சரியப்பட்டால் பார்க்கிறவன் எப்போது ஆச்சரியப்படுவது?" என்றான். மொத்தம் நாற்பது விநாடி. ஊரில் என்னை வணங்காதவர்கள்கூட இப்போது "எவ்வளவு ஆகும் அண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

2020 ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தபோது, தெருவில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் இனி அடங்கிவிடுவார்கள் என்று நான்தான் உன்னிடம் சொன்னேன். அந்த வருடமே ரீல்ஸ் வந்தது, ஷார்ட்ஸ் வந்தது, இப்போது நானே வந்துவிட்டேன். சென்ற அக்டோபரிலிருந்து ஷார்ட்ஸில் மூன்று நிமிடம் வரை போடலாம் என்று நீட்டிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு நிமிடத்தில் சிரிக்க வைக்க முடியாதவனுக்கு மூன்று நிமிடம் கொடுத்தால் அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

மெலட்டூர் பாகவத மேளா நாடகம் உனக்கு நினைவிருக்கிறதா? பிரகலாதனும் இரணியனும் வருவதற்கு முன்னால் கோமாளியான கோணங்கி வருவான். கூர்த் தொப்பியோடு குதித்துக் குதித்து, சளசளவென்று பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தை மேடைப் பக்கம் திருப்பிவிட்டுப் போய்விடுவான். முதல் மூன்று விநாடியில் கட்டை விரலை நிறுத்தாவிட்டால் ஆள் நழுவிவிடுவான் என்று மருமகன் பாடம் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொப்பிதான் நினைவுக்கு வருகிறது. எனக்குக் கோணங்கி போதும். இரணியனைக் கொன்றுதான் ஆகவேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை.

மூழ்கிய கதை இதுதான். கல்லூரிக்குப் போகும் நடைபாலத்துக்குக் கீழே, காய்ந்த மணலில், அரியர் வைத்த இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல் மே மாதம் பாதி எடுத்தோம். ஒருவனுக்கு மஞ்சள்காமாலை, மீதியைப் பிறகு எடுக்கலாம் என்று விட்டுவிட்டோம். ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தார்கள். பையன் தேறி வருவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. முதல் வசனம் மணலில், அடுத்த வசனம் கழுத்தளவு நீரில் என்றால் அது வேறு மாதிரிப் படம். பாலத்தின் மேல் நின்று எடுத்துப் பார்த்தோம். சட்டையில் குத்தும் மைக்கில் காற்றைத் தவிர ஒன்றும் விழவில்லை. டெல்டாக்காரன் தண்ணீர் ஏன் வந்தது என்று கேட்டால் நாக்கு அழுகிவிடும், அதனால் பேசாமல் இருக்கிறேன்.

சரி, உன் வழக்குக்கு வருகிறேன்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் நாம் நான்கு பேர், இன்டர்வியூவுக்கு ஒரே சட்டை. இதை எடுக்காமல் வேறு எதை எடுப்பேன்? ஆனால் நீ சொல்வது சரி. வீடியோவில் சட்டைக்காரன் கஞ்சன். யார் எந்தத் தேதியில் போட்டார்கள், எத்தனை மணி நேரம், காலர் அழுக்கு எவ்வளவு என்று நோட்டில் குறித்து வைத்து வாடகை கேட்பான். உண்மையில் அந்த நோட்டை எழுதியவன் நான். சட்டை மட்டும்தான் உன்னுடையது. வேலை கிடைக்கட்டும் என்று உன் அப்பா எடுத்துக் கொடுத்தது. நீ ஒரு நாளும் கணக்குக் கேட்டதில்லை. எடுக்கும்போது எனக்கு இது தெரியாமல் இல்லை. நோட்டு சட்டைக்காரன் கையில் இருந்தால்தான் சிரிப்பு வருகிறது, வேறொருவன் கையில் இருந்தால் விளக்கம் சொல்லவேண்டியிருக்கிறது. விளக்கத்துக்கு அந்த ஒரு நிமிடத்தில் இடம் இல்லை. அதனால் பழியை உன் மேல் போட்டேன்.

உன் தங்கை பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோதுதான் சுருக்கென்றது. அவளுக்கு அது அப்பா வாங்கிய சட்டை.

உன் இன்டர்வியூவுக்கு முந்தின நாள் நான் போட்டுவிட்டுத் துவைத்துப் போட்டது காயவில்லை, ஜூலை மழை. ஜன்னலில் மாட்டி அட்டையால் விசிறினோம். அப்படியும் காலர் ஈரமாகவே இருந்தது. நீ அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே போனாய், உட்கார்ந்தால் முதுகு கசங்குமாம். திரும்பி வந்து, ஏசி அறையில் காலர் சில்லென்று இருந்தது என்று மட்டும் சொன்னாய். வேலை கிடைக்கவில்லை என்று நாங்களாகத்தான் புரிந்துகொண்டோம். இதை எடுக்க மூன்று முறை முயன்றுவிட்டேன். மருமகன் நடித்தால் அழுகிறான், நான் நடித்தால் தொந்தி இடிக்கிறது.

பழைய வீடியோவை நேற்று இரவே நீக்கிவிட்டேன். நோட்டை என் கையில் கொடுத்து மறுபடி எடுக்கப்போகிறேன், கஞ்சன் வேடம் எனக்கு. வாடகை வசனத்தை மட்டும் விட மனம் வரவில்லை, அதற்கு நீ அனுமதி தரவேண்டும். இன்னொன்று. சட்டை வெளிர் நீலமா, சாம்பல் கட்டமா? எனக்கு நீலம் என்றுதான் நினைவு. மெரினாவில் நாம் எடுத்த புகைப்படம் உன் வீட்டு அலமாரியில் இருக்கும், பார்த்து எழுது. சனிக்கிழமை துணி எடுக்கப் போகிறோம்.

அன்புடன்,
நோட்டுக்காரன்